சொல்லுக்குக் காவல் நின்ற குரல்: பெர்னாக் – பூலாங்க் ஒலித்தட்டுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

பாடல் என்பது இரு கலைகள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து வாழும் வீடு. கவிதை தன் நடையை இசையிடம் ஒப்படைக்கிறது; இசை தன் உரிமையில் ஒரு பங்கைச் சொல்லுக்கு ஈடாக வைக்கிறது. இவ்வுடன்படிக்கையில் எந்தத் தரப்பு அதிகம் இழந்தது என்னும் வழக்கு பாட்டு உள்ள மொழிகள் யாவற்றிலும் உண்டு. பாடியவரின் குரல் காற்றோடு கரைந்துபோன காலங்களில் அவ்வழக்குக்கு ஏடுகளும் கேட்டோரின் நினைவுகளுமே சான்றுகளாயிருந்தன. ஒலித்தட்டு வந்தபின் குரலே சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது. சாட்சி கிடைத்துவிட்டதனால் தீர்ப்பு எளிதாகிவிட்டதா என்பது தனியே ஆராயத்தக்க கேள்வி.

அக்கேள்வியை ஆராய்வதற்குப் பொருத்தமான ஒரு களமாக, பாரிட்டோன் பாடகர் பியேர் பெர்னாக்கும் இசையமைப்பாளர் பிரான்சிஸ் பூலாங்க்கும் 1930கள் முதல் 1950கள் வரை பதிவுசெய்து விட்டுச்சென்ற பிரெஞ்சுக் கலைப்பாடல்களை நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். இத்தேர்வுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இப்பதிவுகளில் பியானோவின் முன் அமர்ந்திருப்பவர் அப்பாடல்களில் பலவற்றை ஆக்கியவரே. இரண்டாவது, பாடுபவர் இயற்கையின் கொடையாகப் பெருங்குரல் வாய்க்கப்பெற்றவர் அல்லர். சொல்லையே தமது முதலாகக் கொண்டு கலைவாழ்வு நடத்தியவர். ஆக்கியோனின் விருப்பம் என்ன, பாடுவோனின் கடமை என்ன என்னும் இரு கேள்விகளும் ஒரே தட்டின் இரு பக்கங்களாக இங்கே அமைந்துவிடுகின்றன.

இருவரின் சந்திப்பு

இருவரும் 1899ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பாரிஸில் பிறந்தவர்கள். பூலாங்க் 7ஆம் நாளும் பெர்னாக் 12ஆம் நாளும் பிறந்தனர். பெர்னாக்கின் இயற்பெயர் பியேர் பெர்த்தான். அதே பெயரில் ஒரு நடிகர் அறியப்பட்டிருந்தமையால் தம் பெயரை மாற்றிக்கொண்டார். 1926ஆம் ஆண்டில் பூலாங்க்கின் ஒரு பாடல் தொகுதியை முதன்முதலாக மேடையில் பாடியவர் பெர்னாக்தான். எனினும் அதன்பின் பல ஆண்டுகள் இருவரும் தத்தம் வழியே சென்றனர். 1934இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் மீண்டும் சந்தித்ததே அவர்களது கூட்டுறவின் உண்மையான தொடக்கம் எனலாம். 1935 ஏப்ரல் 3ஆம் நாள் பாரிஸில் நடந்த அவர்களது முதல் இசையரங்கில் கவிஞர் போல் எலுவாரின் ஐந்து கவிதைகளுக்குப் பூலாங்க் அமைத்த பாடல்கள் அரங்கேறின. அன்று தொடங்கிய கூட்டுறவு பெர்னாக் மேடையினின்றும் விலகிய 1959 வரை நீடித்தது.

பூலாங்க் ஏறத்தாழ 150 பாடல்களை இயற்றியுள்ளார். அவற்றுள் சுமார் 90 பாடல்கள் பெர்னாக்கின் குரலை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை எனக் கணக்கிடுவர். பெர்னாக்குக்குப் பக்கவாத்தியம் வாசித்த அனுபவத்தின் வழியே, அதாவது ஷூபர்ட், ஷூமன், ஃபோரே, தெபுஸ்ஸி ஆகியோரின் பாடல்களை அவரோடு சேர்ந்து பயின்றதன் வழியே, பாட்டு எழுதும் தொழிலைத் தாம் கற்றதாகப் பூலாங்க் தமது பாடல் நாட்குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். இவ்வொப்புதல் சிறிதன்று. ஆக்கியவர் ஆசானாகவும் பாடியவர் மாணவராகவும் இருந்தனர் என நாம் இயல்பாக எண்ணிக்கொள்ளும் உறவு இங்கே இருவழிப் பாதையாக இருந்திருக்கிறது. ஒலித்தட்டுகளைக் கேட்கும்போது இதனை நாம் மறத்தலாகாது. 'பூலாங்க் விரும்பியது இதுவே' என்று நாம் சுட்டும் பலவும், பெர்னாக்கின் மூச்சிலும் நாவிலும் அவர் கண்டெடுத்தவையாக இருக்கக்கூடும்.

மொழியும் மூச்சும்

பிரெஞ்சில் 'மெலோடி' என வழங்கும் கலைப்பாடல், ஒரு குரலும் ஒரு பியானோவும் ஒரு நல்ல கவிதையும் கூடிப் பிறப்பது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துய்பார்க், ஃபோரே, தெபுஸ்ஸி போன்றோர் பொதலேர், வெர்லேன் முதலிய கவிஞர்களின் சொற்களுக்கு இசை தந்தபோது இவ்வடிவம் முழுமை பெற்றது. நாடக மேடையின் ஆரவாரத்துக்கு இங்கே இடமில்லை. கேட்போர் கவிதையைச் சொல் சொல்லாகப் பின்தொடர்கின்றனர் என்னும் நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட கலை இது. ஆகவே உச்சரிப்பு இக்கலையின் அடித்தளமாகிறது. அது தளர்ந்தால் மேலுள்ள யாவும் தளரும்.

பிரெஞ்சு மொழியில் ஒரு சொல்லின் ஓரசையை ஓங்கி அடித்துப் பேசும் வழக்கம் வலுவாக இல்லை. அசைகள் ஏறக்குறைய சமமாக ஒழுகிச் செல்கின்றன. பொருள் வேறுபாட்டை உயிரொலிகளின் நிறமும் மெய்யொலிகளின் கூர்மையுமே தாங்கி நிற்கின்றன. தமிழ் வாசகருக்கு இதனை விளக்க ஓர் எளிய வழி உண்டு. காடு, நாடு, பாக்கு என்னும் சொற்களின் ஈற்று உகரம் தன் மாத்திரையிற் குறைந்து ஒலிப்பதைக் குற்றியலுகரம் என்கிறோம். அடுத்து ஓர் உயிர் வந்தால் அவ்வுகரம் கெட்டுப்போகிறது. பிரெஞ்சுச் சொற்களின் ஈற்றில் நிற்கும் 'ஊமை எகரமும்' இத்தகையதே. பேச்சில் அது பெரும்பாலும் ஒலிப்பதில்லை. மரபான செய்யுளில் மெய்யெழுத்தின் முன் வரும்போது ஓர் அசையாகக் கணக்கில் சேரும். உயிரின் முன் மறையும். பாட்டில் இசையமைப்பாளர் அதற்கென ஒரு சிறு சுரத்தை ஒதுக்குவார். அச்சுரத்தை அழுத்திப் பாடினால் சொல் கொச்சையாகும். விழுங்கினால் யாப்பு உடையும். நல்ல பாடகரை அறிய இந்த அரை மாத்திரை போதும்.

இவ்வரை மாத்திரை காரணமாக பாரிஸில் ஒருமுறை பெரும் சலசலப்பே எழுந்தது. 1907 ஜனவரியில் ரவேலின் 'இயற்கைக் கதைகள்' என்னும் ஐந்து பாடல்களை ஜான் பத்தோரி பாட, ரவேலே பியானோ வாசித்தார். மயில், சிள்வண்டு, அன்னம், மீன்கொத்தி, கினிக்கோழி ஆகியவை பற்றி ழூல் ரெனார் எழுதிய உரைநடைச் சித்திரங்கள் அவை. பேச்சுவழக்கில் உள்ளவாறே ஊமை எகரங்களை ரவேல் பல இடங்களில் நீக்கியிருந்தார். அவையோர் ஒரு பகுதியினருக்கு அது இசைக்கு இழைத்த அவமதிப்பாகப் பட்டது. பாட்டு பேச்சுக்கு எவ்வளவு தூரம் இறங்கிவரலாம் என்பதே அன்று எழுந்த சச்சரவின் சாரம்.

பெர்னாக்கும் பூலாங்க்கும் 1950இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்துக்காக இப்பாடல்களைப் பதிவுசெய்தனர். 1907ஆம் ஆண்டின் சச்சரவுக்கு அப்பதிவு ஒரு விடையாக நமக்குத் தோன்றுகிறது. பெர்னாக் பேச்சைப் போலிசெய்வதுமில்லை, பேச்சை இசையின் கீழ் புதைப்பதுமில்லை. அன்னம் பற்றிய பாடலைக் கேட்டாலே இது விளங்கும். நீரில் தெரியும் மேகங்களின் நிழலைத் தேடி அன்னம் நீந்துகிறது. பியானோ நீர்போல் ஒழுக, குரலும் அந்த மயக்கத்துக்கு உடன்படுகிறது. இறுதியில் எழுத்தாளர் திரையை விலக்கிவிடுகிறார்: அன்னம் ஒவ்வொரு முறையும் சேற்றில் தலையை அமிழ்த்திப் புழுவைக் கொத்திக்கொண்டு வாத்துப்போலக் கொழுத்து வருகிறது. நகைச்சுவை தெரிந்த பாடகர் பலர் இவ்விடத்தில் கண்சிமிட்டிப் பாடுவர். பெர்னாக் அதனைச் செய்வதில்லை. செய்தி சொல்பவரின் வறண்ட நேர்மையோடு இறுதி வரியை வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். சிரிப்பதா, வருந்துவதா என்னும் தெரிவு கேட்பவரிடம் விடப்படுகிறது. கவிதையின் மேல் வைத்த மரியாதைக்கும் கேட்பவரின் மேல் வைத்த மரியாதைக்கும் இங்கே வேறுபாடில்லை.

பியானோவில் அமர்ந்தவர்

பூலாங்க் ஸ்பானியப் பியானோக் கலைஞரான ரிகார்தோ வீன்யேஸிடம் பயின்றவர். மிதியைத் தாராளமாகப் பயன்படுத்தும் கலையை அவரிடமே கற்றதாகக் கூறுவார். ஒலித்தட்டுகளில் அவரது வாசிப்பை அடையாளம் காட்டுவது இதுவே: சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஈரமான ஓர் ஒலிமண்டலம் எழுகிறது. ஆனால் அம்மண்டலத்தினுள் காலப்பிரமாணம் அசைவதில்லை. ஒரு நடையைத் தேர்ந்தபின், தாம் எழுதிக் கேட்டாலொழிய அதனை மாற்றக்கூடாது என்பதில் அவர் கடுமையாக இருந்தார். உணர்ச்சி மேலிடும் இடங்களில் காலத்தை இழுத்தும் தளர்த்தியும் பாடுவதை அவர் வெறுத்தார். ஒலியில் மென்மை, காலத்தில் உறுதி என்னும் இவ்விரண்டின் சேர்க்கையே அவரது பக்கவாத்தியத்தின் இரகசியம் என்போம். குரல் சாய்ந்துகொள்ள மெத்தையும் உண்டு. அது தடம்மாறாதிருக்கத் தண்டவாளமும் உண்டு.

எலுவாரின் ஒன்பது கவிதைகளைக் கொண்ட 'அவ்வாறே பகல் அவ்வாறே இரவு' என்னும் பாடற்கோவை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1937 பிப்ரவரி 3ஆம் நாள் பாரிஸின் காவோ அரங்கில் இருவரும் இதனை அரங்கேற்றினர். கோவைக்குத் தலைப்பைத் தந்தவரும் எலுவாரே. 1946இல் இது ஒலித்தட்டாயிற்று. அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாகத்தான் இசை அடங்கும். ஆகவே அன்று இதனை வாங்கிய இரசிகர் இடையிடையே எழுந்து தட்டைப் புரட்டியாக வேண்டும். இன்று மறுபதிப்புகளில் ஒன்பதையும் இடையறாது கேட்கும் நாம், இசையமைப்பாளர் எண்ணிய முழுமையை அன்றைய இரசிகரைவிட நன்றாகப் பெறுகிறோம்.

இக்கோவையின் கட்டுமானம் நுட்பமானது. முதற்பாடலின் அமைதியான நடையே இறுதிப் பாடலில் திரும்பி வருகிறது. அதற்கு முன் நிற்கும் எட்டாவது பாடல் உரத்த, முரட்டுத்தனமான ஒன்று. இறுதிப் பாடலைத் தொடங்கிவைக்கும் மௌனத்தைக் கேட்போர் முழுமையாக உணரவேண்டும் என்பதற்காகவே அதனை அவ்வாறு எழுதியதாகப் பூலாங்க் விளக்குகிறார். இறுதிப் பாடல், இருளில் அருகருகே இருக்கும் இருவரைப் பற்றியது. நெடுநாள் பழகிய முகம் மீண்டும் புதிதாகத் தோன்றும் வியப்பே அதன் பொருள். குரல் தன் சொல்லை முடித்தபின் பியானோ தனியே நெடுநேரம் பேசுகிறது.

1946ஆம் ஆண்டுப் பதிவில் இப்பின்னிசையைக் கேட்கும்போது ஆக்கியவரே வாசிக்கிறார் என்பதன் பொருள் நமக்குப் புலனாகிறது. வேறு கலைஞர்கள் பலர் இங்கே வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு சுரத்தையும் ஏக்கத்தால் நிரப்புவர். பூலாங்க் அதே நடையில் செல்கிறார். துயரத்தையோ மகிழ்ச்சியையோ அவர் சுட்டிக்காட்டுவதில்லை. கேட்பவரின் நெஞ்சில் ஏற்கெனவே எழுந்துவிட்ட உணர்வு அடங்குவதற்கான நேரத்தை மட்டும் தருகிறார். பெர்னாக் தம் இறுதி வரியைப் பாடிய விதமே இதனை இயல்விக்கிறது. முடிவு இதுவெனக் கதவைச் சாத்தாமல், பேச்சைத் தொடரவிட்டு நின்றுகொள்வதுபோல் அவர் நிறுத்துகிறார். இருவரில் யார் யாரைப் பின்தொடர்ந்தார் என்று இவ்விடத்தில் பிரித்துக் கூற இயலாது.

1950ஆம் ஆண்டுப் பதிவுகளில் இடம்பெறும், அப்பொலினேரின் கவிதைகளுக்கு அமைந்த 'பொதுநிலைகள்' என்னும் ஐந்து பாடல்களிலும் இதனைக் காணலாம். ஜெர்மானியப் படையிடம் பாரிஸ் வீழ்ந்த 1940ஆம் ஆண்டின் இறுதியில் இயற்றப்பட்டவை இவை. விடுதியறையில் வேலை செய்ய மனமின்றிப் புகைபிடிக்கவே விரும்பும் சோம்பல் மனிதனின் பாடல் இவற்றுள் ஒன்று. அதற்குப் பின் நான்காவதாக, பாரிஸ் பயணத்தைக் கொண்டாடும் மலிவான விடுதிக்கூடப் பாணியிலான பாடல் ஒன்று வருகிறது. அதனை அடுத்து, முன்னறிவிப்பேதுமின்றி, மனித நெஞ்சின் பழங்காயங்களைப் பேசும் 'விம்மல்கள்' தொடங்குகிறது. இருவேறு உலகங்களாகத் தோன்றும் இப்பாடல்களுக்கிடையே பெர்னாக் வேடத்தை மாற்றுவதில்லை. ஒரே மனிதன் கேலியும் பேசுவான், இரவில் விழித்தும் கிடப்பான் என்பதை அவர் குரல் இயல்பாக ஏற்கிறது.

1943 டிசம்பர்

பெர்னாக்–பூலாங்க் கூட்டுறவின் உச்சமாக நாம் கருதுவது மூன்று நிமிட அளவேயான ஒரு பாடலை. லூயி அரகோனின் கவிதைக்கு 1943இல் பூலாங்க் இசையமைத்த 'சே' என்பதே அது. பிரெஞ்சு நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தின் பெயர் அது. லுவார் ஆற்றின்மேல் பாலங்கள் அமைந்த 'லெ போன் த சே' என்னும் ஊர்ப்பெயரின் இறுதியும் அதுவே. 1940 ஜூனில் தோல்வியுற்றுப் பின்வாங்கிய பிரெஞ்சுப் படையோடு அரகோன் அவ்வூரில் ஆற்றைக் கடந்தார். சாலைகள் நெடுகிலும் வீடிழந்த மக்கள் கூட்டம். அக்காட்சியைப் பின்னர் கவிதையாக்கியபோது, ஒவ்வோர் அடியும் அவ்வூர்ப்பெயரின் ஒலியிலேயே முடியுமாறு இயைபு அமைத்தார். பழைய கதைப்பாடல்களின் காயமுற்ற வீரனும் கோட்டையும் தொடக்கத்தில் வர, இறுதியில் கவிழ்ந்த வண்டிகளும் செயலிழந்த படைக்கலங்களும் வருகின்றன. இக்கவிதை இடம்பெற்ற தொகுதி 1942இல் சுவிட்சர்லாந்தில் அச்சேறியது. அரகோன் அப்போது எதிர்ப்பியக்கத்தில் ஈடுபட்டிருந்தார்.

பூலாங்க்கின் வீடு இருந்த நுவாஸே கிராமமும் அதே லுவார் ஆற்றின் பள்ளத்தாக்கிலேயே உள்ளது. 1940 கோடையில் அவரும் குறுகிய காலம் படைப்பணிக்கு அழைக்கப்பட்டிருந்தார். கவிதையின் ஆறு அவருக்கு ஏட்டில் படித்த ஆறன்று. 1943 டிசம்பர் 8ஆம் நாள், ஆக்கிரமிப்பின் கீழிருந்த பாரிஸின் காவோ அரங்கில், பெர்னாக்கும் பூலாங்க்கும் இப்பாடலை முதன்முறையாக வழங்கினர். நாட்டின் தோல்வியைப் பெயர் சொல்லி அழும் கவிதை, ஆக்கிரமிப்பாளரின் ஆட்சி நடக்கும் நகரில், கட்டணம் செலுத்தி வந்தோர் முன் பாடப்பட்டது. இதனை வீரச்செயலாக ஊதிப்பெருக்க வேண்டிய தேவையில்லை. உயிரைப் பணயம் வைத்துப் போராடியோர் வேறு பலர் இருந்தனர். ஆனால் பாட்டுக்கு என்ன இயலும் என்னும் கேள்விக்கு அன்றைய மாலை ஒரு விடை தந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

நாற்பதுகளின் நடுவில் இருவரும் இதனை ஒலித்தட்டில் பதிவுசெய்தனர். பாடலின் உச்சம் கவிஞர் தம் நாட்டையே விளித்துப் பேசும் இடம். கைவிடப்பட்டவளே என்னும் பொருளில் அவ்விளி அமைகிறது. சாதாரண இசையமைப்பாளர் ஒருவர் இவ்விடத்தில் குரலை ஓங்கச் செய்வார். நாட்டுப்பற்றுப் பாடல்கள் யாவும் அவ்வாறே செய்கின்றன. பூலாங்க் குரலை உயரத்துக்கு ஏற்றுகிறார், ஆனால் ஒலியைத் திடீரெனத் தாழ்த்தச் சொல்கிறார். உயரத்தில் மெல்லப் பாடுவது குரற்கலையில் மிகக் கடினமான காரியம். பெர்னாக் அச்சொல்லை ஏறக்குறைய மூச்சாகவே வெளிவிடுகிறார். மெய்யொலிகள் தெளிவாக நிற்கின்றன, உயிரொலி மெலிந்து நீள்கிறது, அதன்பின் பாட்டு தன் நடையில் தொடர்ந்து போகிறது. நோயுற்ற தாயின் அறைக்கு வெளியே தாழ்ந்த குரலில் பேசுவோரின் அடக்கம் அதில் இருக்கிறது. வளமான குரல் படைத்த பாடகர்கள் பின்னாளில் இப்பாடலை இதனினும் அழகாகப் பாடியுள்ளனர். ஆனால் அழகு மிகும்போது கேட்பவரின் கவனம் நாட்டை விட்டுக் குரலின்பால் திரும்பிவிடுவதை நாம் கவனித்திருக்கிறோம். பெர்னாக்கின் பதிவில் அது நிகழ்வதில்லை. வியக்கத்தக்க குரல் அங்கே இல்லாமையால், துயரம் மட்டுமே எஞ்சுகிறது.

எதிர்வாதங்கள்

பெர்னாக்கின் குரல் மீது வைக்கப்படும் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. அவரது குரல் உயர்ந்த நிலையில் இயங்கும் இலேசான பாரிட்டோன். உரத்துப் பாட நேரும்போது அது இறுகுகிறது. விரைவான அதிர்வு ஒன்று எப்போதும் கூடவே வருகிறது. சில இடங்களில் மூக்கொலி மிகுதியாகிறது. பிரெஞ்சில் மூக்கொலி உயிர்கள் உண்டு. பேச்சுத்தமிழில் 'வந்தான்' என்பதன் இறுதி மெய் கரைந்து முன்னுள்ள உயிர் மூக்கொலியாவதை ஒத்தவை அவை. ஆயினும் அவ்வொலிகளின் நிறம் மற்ற உயிர்களுக்கும் பரவும்போது குரல் மெலிந்து கேட்கிறது. பெர்னாக்கிடம் பயின்ற ஜெரார் சூஸேயின் பதிவுகளை உடன்வைத்துக் கேட்போர், குரலின் மினுமினுப்பில் மாணவர் ஆசானை விஞ்சினார் என்பர். அதனை நாமும் ஏற்கிறோம்.

இதனினும் ஆழமான எதிர்வாதம் ரொலான் பார்த்தின் சிந்தனையிலிருந்து எழக்கூடியது. இளமையில் பாரிட்டோன் ஷார்ல் பான்ஸெராவிடம் பாட்டுக் கற்ற பார்த், 1972இல் எழுதிய கட்டுரையிலும் 1977ஆம் ஆண்டு உரையிலும் தம் ஆசானின் கலையை விதந்து பேசினார். உச்சரிப்பு வேறு, ஒலியழுத்தம் வேறு என்பது அவர் வகுத்த பாகுபாடு. சொல்லை மொழியின் உடலாக ஒழுகவிடுவது உச்சரிப்பு. ஒவ்வொரு மெய்யையும் கூர்தீட்டிக் காட்டிப் பொருளைக் கேட்பவரின் மேல் சுமத்துவது ஒலியழுத்தம். பின்னது பாட்டைக் கெடுக்கும் என்றார் அவர். இவ்வளவுகோலால் பெர்னாக்கை அளந்தால் அவர் தேறுவாரா? கேலிப் பாடல்கள் சிலவற்றில் அவர் சொற்களை அளவுக்கு மீறித் தீட்டிவைக்கிறார் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கிராமியப் பாங்கிலான வேகப் பாடல்களில் ஆசிரியர் ஒருவர் பலகையில் எழுதிக்காட்டுவது போன்ற மிகைத்தெளிவு உண்டு. ஆனால் எலுவாரின் கவிதைகளிலும் 'சே' பாடலிலும் மெய்கள் இசைவரியை அறுப்பதில்லை; அதனைத் தாங்கும் கணுக்களாகவே நிற்கின்றன. ஒரே கலைஞரிடம் இரண்டும் உண்டு என்பதே நடுநிலையான முடிவு.

மூன்றாவது வினா அதிகாரம் பற்றியது. ஆக்கியவரே வாசித்த பதிவு இருக்கும்போது பிறர் வேறுவிதமாகப் பாடுவதற்கு நியாயம் உண்டா? இன்றைய மாணவர் பலர் இவ்வொலித்தட்டுகளை இறுதித் தீர்ப்பாகக் கொள்கின்றனர். இதற்கு விடை பெர்னாக்கிடமே கிடைக்கிறது. 1970இல் பிரெஞ்சுப் பாடல்களின் விளக்கம் குறித்தும் 1977இல் பூலாங்க்கும் அவரது பாடல்களும் குறித்தும் அவர் எழுதிய நூல்களில், பாடகர் முதலிற் பணியவேண்டியது கவிதைக்கும் சுரக்குறிப்புக்குமே என வலியுறுத்துகிறார். ஒலித்தட்டைப் பார்த்து எழுதுமாறு எவரையும் அவர் ஏவவில்லை. மேலும், பூலாங்க் அச்சிட்ட காலக்குறிப்புகளில் சிலவற்றைத் தம் மேடை அனுபவத்தின் துணையால் திருத்திப் பரிந்துரைக்கவும் அவர் தயங்கவில்லை. ஏட்டில் எழுதிய பூலாங்க்கும் பியானோவில் அமர்ந்த பூலாங்க்கும் எல்லா இடங்களிலும் ஒருவரல்லர் என்பது இதனால் தெளிவாகிறது. ஆக்கியோனின் விருப்பம் என்பது கல்லில் வெட்டிய ஒற்றை வரியன்று. நாளுக்கு நாள், அரங்குக்கு அரங்கு அது தன்னைத் தேடிக்கொண்டிருந்தது.

நிறைவாக

ஆகவே இவ்வொலித்தட்டுகளைச் சட்டமாகக் கொள்வோர் அவற்றின் மேன்மையைக் குறைத்தே மதிக்கின்றனர் என்பது நமது கருத்து. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தால் போதும். சாட்சியத்தைக் கேட்பவனோ தானும் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டவன். பெர்னாக்கும் பூலாங்க்கும் தரும் சாட்சியம் இதுதான்: கவிதையை முழுமையாக நம்பிய இருவர், தம் திறமையைக் காட்டிக்கொள்ளும் ஆசையை வென்றால், எளிய குரலும் பெரும்பொருளைத் தாங்கும். சொல்லைச் செவிவழிக் கேட்டு நெஞ்சில் பாதுகாத்த பண்பாடுகளில் வளர்ந்தோருக்கு இது அந்நியமான செய்தியன்று. ஒரு சொல்லின் அரை மாத்திரையைக்கூடச் சிந்தாமல் அடுத்தவர் கையில் ஒப்படைப்பதற்காக வாழ்நாளைச் செலவிட்டோரை அப்பண்பாடுகள் நன்கறியும்.

பூலாங்க் 1963 ஜனவரியில் காலமானார். பெர்னாக் அதன்பின் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1979இல் மறைந்தார். தம் பிற்கால வாழ்வை அவர் கற்பித்தலிலேயே கழித்தார். எல்லி ஆமெலிங், ஜெஸ்ஸி நார்மன் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். டச்சுப் பெண்மணி ஒருவருக்கும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி ஒருவருக்கும், முற்றிலும் வேறுபட்ட குரல்கள் வாய்க்கப்பெற்ற இருவருக்கும், பாரிஸின் மெல்லிய குரலுடைய ஓர் ஆண் பாடகர் கற்பிக்கக் கூடியதாயிருந்தது எது? தம் குரலை அவர் கற்பித்திருக்க முடியாது. கவிதையின் முன் எவ்வாறு நிற்பது என்பதையே கற்பித்திருக்க வேண்டும். கீறல் ஒலியினூடே இன்றும் அத்தட்டுகளில் நமக்குக் கேட்பது அந்த நிற்றலே.